“வாங்க மகாராணி!” – எகத்தாளப் பேச்சும் நற்செய்தியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஆகஸ்ட் 22ஆம் நாள் தூய கன்னி மரியாவை அரசியாகத் திருஅவை நினைவுகூருகிறது. இவ்விழாவை ஏற்படுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். ஆண்டு 1954. நம் வீடுகளிலோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அன்னையை அரசி என்று அழைத்து வருகிறோம். மாலையில் செபமாலை முடிந்ததும் மன்றாட்டுமாலை சொல்கிறோம். அதன் கடைசிப் பகுதி முழுவதும் அன்னை அரசிதான். வானதூதர்களுக்கு அரசி, இறைவாக்கினர்களுக்கு அரசி, திருத்தூதர்களுக்கு அரசி, மறைச்சாட்சிகளுக்கு அரசி என்று வரிசையாகச் சொல்லி மன்றாடுகிறோம்.

செபம் முடிகிறது. பாயைச் சுருட்டி வைக்கிறோம். வீட்டு அம்மா ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்து உட்காருகிறார். உடனே ஒரு குரல் வருகிறது: “என்ன, மகாராணிக்கு இன்னைக்கு அடுப்படிப் பக்கம் வேலை இல்லையோ?” எல்லாரும் சிரிக்கிறோம். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போகிறார்.

சொன்ன வாய் ஒன்றுதான். சொன்ன சொல்லும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் வணக்கமாக வந்தது, அடுத்த சில நிமிடங்களில் குத்தலாக வந்தது. கடவுளைப் போற்றும் அதே நாவால், கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரைத் தூற்றுகிறோமே என்று யாக்கோபு தம் திருமுகத்தில் வருந்துகிறார் (யாக் 3:9-10). அந்த வருத்தத்தை இன்று நம் வீட்டுப் பேச்சோடு சேர்த்துச் சிந்திப்போம்.

துண்டுச் சீட்டுகள்

சில வாரங்களுக்கு முன் அன்பியக் கூட்டம் ஒன்றில் எல்லாருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்தோம். “உங்களை யாராவது நக்கலாகச் சொல்லி, மனத்தில் தங்கிப்போன ஒரு சொல்லை எழுதுங்கள், பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்று மட்டும் குறியுங்கள்” என்றோம். வந்த சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தோம்.

ஆண்கள் எழுதியவை இப்படி இருந்தன: “வளையல் போட்டுக்கோ.” “சேலையைக் கட்டிக்கிட்டு வீட்டுல இரு.” “பொம்பளப் பிள்ளை மாதிரி அழுவுறான்.” “பெண்டாட்டி தாசன்.” “உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?”

பெண்கள் எழுதியவை வேறு மாதிரி இருந்தன: “வாங்க மகாராணி.” “பெரிய கலெக்டரம்மா, உத்தரவு போடுறாங்க.” “ஜான்சி ராணி கிளம்பிட்டா.” “இவ பெரிய பத்தினி.” “மகராசி காலடி எடுத்து வச்ச நேரம்.” “வாயாடி.”

எல்லாம் நாம் தினமும் கேட்பவைதான். பலவற்றை நாமே சொல்லியிருக்கிறோம். ஆனாலும் இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது கூட்டத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது.

எகத்தாளம் எப்படிப் பேசுகிறது?

நக்கல், நையாண்டி, கிண்டல், கேலி, குத்தல், சாடை, எகத்தாளம் என்று இதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று கூறும் தொல்காப்பியம், அவற்றில் முதலாவதாக எள்ளலையே வைக்கிறது. புகழ்வதுபோல் பழிப்பதை வஞ்சப் புகழ்ச்சி என்று பள்ளியில் படித்தோம். அந்த அணியை இலக்கணம் படிக்காதவர்களும் வீட்டில் தவறாமல் கையாளுகிறார்கள்.

நம் மொழியில் மரியாதைக்கென்று தனி விகுதி உண்டு. அதுவே எகத்தாளத்துக்கும் கருவியாகிறது. வழக்கமாக ‘நீ’ என்று அழைக்கும் கணவர் திடீரென்று “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றால், அது மரியாதை இல்லை என்று மனைவிக்கு உடனே தெரியும். “வந்தாள்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “வந்துட்டாங்க பாரு” என்றால் போதும், அந்தப் பன்மையே குத்திவிடும். சொல் உயர்த்துகிறது, குரல் இறக்குகிறது. கேட்டவர் எதிர்த்துக் கேட்டால், “மரியாதையாத்தானே சொன்னேன்” என்று தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இரண்டு குவியல், ஒரே அளவுகோல்

இப்போது சீட்டுகளுக்குத் திரும்புவோம். ஓர் ஆணை இழிவுபடுத்த நாம் எதை எடுக்கிறோம்? வளையல், சேலை, கண்ணீர். பெண்ணுக்கு உரியவை என்று நாம் நினைப்பவற்றை அவன்மேல் போடுகிறோம். ஒரு பெண்ணை இழிவுபடுத்த எதை எடுக்கிறோம்? அரியணை, ஆட்சியர் நாற்காலி, வாள் ஏந்திய ராணி. உயர்ந்த இடம் எதையாவது அவளுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து, அது உனக்குரியது இல்லை என்று உணர்த்துகிறோம்.

ஆணிடம், “நீ கீழே இறங்கிவிட்டாய்” என்கிறோம். பெண்ணிடம், “நீ மேலே ஏறப் பார்க்கிறாய்” என்கிறோம். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பெண்ணின் இடம் கீழே. இதை நேராகச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் சொல்லமாட்டோம். மேடையில் அதற்கு மாறாகவே பேசுவோம். நக்கலில் மட்டும் அது தடையின்றி வெளியே வந்துவிடுகிறது.

“ஆண்களையும் ‘துரை’, ‘மகாராசா’ என்று கேலி செய்கிறோமே, சாமி?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவனைத் துரை என்கிறோம். கேலிக்குக் காரணம் அவனுடைய சோம்பல், அவன் ஆண் என்பது அன்று. காலையிலிருந்து உழைத்த பெண் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே மகாராணி ஆகிவிடுகிறாள். கணக்குக் கேட்டால் கலெக்டர் ஆகிவிடுகிறாள். அதே வீட்டில் மகனைப் பார்த்து “என் பிள்ளை கலெக்டர் ஆவான்” என்கிறோம். மகனுக்கு ஆசியாக இருக்கும் சொல், தாய்க்கு ஏளனமாகிறது.

வேறு சில சொற்களுக்கு ஆண்பாலே வழக்கில் இல்லை. ‘வாயாடி’ என்று ஓர் ஆணை யாரும் சொல்வதில்லை, அவர் நன்றாகப் பேசுகிறவர். பிள்ளை இல்லாத பெண்ணைச் சுடும் சொல் ஊருக்கே தெரியும், ஆணுக்கு அப்படி ஒரு சொல் தெருவில் புழங்குவதில்லை. ஆண்களைத் திட்ட நாம் பொருள் தெரியாமலே பயன்படுத்தும் ஒரு வசைச்சொல்கூட, கைம்பெண்ணைக் குறித்த பழைய சொல்லின் சிதைவுதான். திருநங்கையரை ஓர் எண்ணைச் சொல்லிக் கேலி செய்வதும் நம் தெருக்களில் நடக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியம் 2008இல் அமைந்தது. நம் நாக்கு இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அபிமெலக்கின் அச்சம்

இந்தக் கேலி பெண்களை மட்டும் கட்டிப்போடவில்லை. நீதித்தலைவர்கள் நூலில் அபிமெலக்கு என்றொருவன் வருகிறான். தெபேசு நகரின் கோட்டையைத் தாக்கித் தீ வைக்க நெருங்குகிறான். மேலிருந்து ஒரு பெண் எந்திரக்கல்லைப் போடுகிறாள், அவன் மண்டை உடைகிறது. சாகும் நேரத்தில் அவன் தன் படைக்கலம் சுமக்கும் இளைஞனை அழைத்து, தன்னை உடனே கொன்றுவிடச் சொல்கிறான். காரணம், ‘ஒரு பெண் இவனைக் கொன்றாள்’ என்று ஊர் பேசிவிடக் கூடாதாம் (நீத 9:50-54). உயிர் போகும் வேளையிலும் அவன் கடவுளை நினைக்கவில்லை, தான் செய்த கொலைகளை நினைக்கவில்லை. ஊரார் வாயை நினைத்தான். அந்தப் பேச்சையாவது தடுக்க முடிந்ததா? பல தலைமுறை கழித்துத் தாவீதின் படைத்தலைவர் யோவாபு, அவனை எந்தப் பெண் கல்லெறிந்து கொன்றாள் என்பதைத்தான் நினைவுகூர்ந்தார் (2 சாமு 11:21).

அந்த அச்சம் இன்றும் நம் ஆண்களிடம் இருக்கிறது. தந்தையை அடக்கம் செய்த அன்று அழாமல் நின்ற மகன்களைக் கண்டிருக்கிறோம். மனைவியின் சொல் சரி என்று தெரிந்தும், நண்பர்கள் முன் ‘பெண்டாட்டி தாசன்’ ஆகிவிடுவோமோ என்று கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவரையும் கண்டிருக்கிறோம்.

பேசுகிறவர் ஆண் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. பிள்ளை இல்லாத அன்னாவை ஆண்டுதோறும் குத்திக் குத்தி அழவைத்தவர் பெனின்னா என்னும் பெண் (1 சாமு 1:6-7). உடன்படிக்கைப் பேழையின் முன் ஆடிப்பாடி வந்த தாவீதை, அரசர் இன்று எவ்வளவு பெருமையாக நடந்துகொண்டார் என்று எகத்தாளம் பேசி வரவேற்றவர் அவருடைய மனைவி மீக்கால் (2 சாமு 6:20). மாமியார் மருமகளுக்கும், நாத்தனார் அண்ணிக்கும் சொல்வதை நாம் அறிவோம். அளவுகோலை யார் கையில் எடுத்தாலும் அது காட்டும் அளவு மாறுவதில்லை.

“விளையாட்டுக்குத்தான் சொன்னேன்”

இதுதான் நம் வழக்கமான பதில். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் இந்தப் பதிலை ஆராய்கிறார். திட்டுதல், புறங்கூறுதல், கோள்சொல்லுதல், சபித்தல் ஆகியவற்றோடு ஏளனத்தையும் நாவின் பாவங்களில் ஒன்றாக வைத்து, அதற்கென ஒரு தனிப் பகுதி ஒதுக்குகிறார். ஏளனம் செய்பவரின் நோக்கம், மற்றவரை நாணித் தலைகுனிய வைப்பது என்கிறார்.

பிறகு அவர் சொல்வது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. திட்டுகிறவர் மற்றவரின் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். ஏளனம் செய்கிறவரோ அதை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார். பிறருடைய தீங்கைக்கூடப் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற அளவுக்கு அவரை அற்பமாக எண்ணுகிறார். ஆகவே ஏளனத்தில் அவமதிப்பு இன்னும் அதிகம் என்கிறார். அதாவது, “விளையாட்டுக்குத்தான்” என்று நாம் சொல்லும் சமாதானம் நம் குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுகிறது. திருஅவையின் மறைக்கல்வி நூலும், ஒருவருடைய நடத்தையைத் தீய எண்ணத்தோடு திரித்துக்காட்டி இழிவுபடுத்தும் கேலியை உண்மைக்கு எதிரான குற்றமாக, எட்டாம் கட்டளையின்கீழ் வைக்கிறது (எண் 2481). சாட்டையடி தழும்பு உண்டாக்கும், நாவின் அடியோ எலும்பை முறிக்கும் என்ற கருத்தைச் சீராக்கின் ஞானம் எப்போதோ சொல்லிவிட்டது (சீரா 28:17).

முள்முடி சூடிய அரசர்

உலகிலேயே மிகக் கொடிய எகத்தாளம் நம் ஆண்டவர்மீது நடந்தது. படைவீரர்கள் அவருக்குச் சிவப்பு அங்கி போர்த்தினார்கள். முள்ளால் முடி பின்னி வைத்தார்கள். கையில் கோல் கொடுத்து, முழந்தாளிட்டு, அரசே வாழ்க என்றார்கள் (மத் 27:27-31). உயர்த்துவதுபோல் உயர்த்தி இறக்குவது அதுவேதான். நம் “வாங்க மகாராணி” எந்த முற்றத்தில் பிறந்தது என்று இதைப் பார்த்தால் புரியும். அவர்கள் கேலியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தது. அவர் அரசர்தாம். திருமுழுக்கில் கிறிஸ்மா எண்ணெய் பூசப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் ஆணும் அவருடைய அரச மாண்பில் பங்குபெற்றவர்கள். ஆகவே, மகாராணி என்று நாம் சிரிக்கும்போதும் உண்மையைத்தான் கேலி செய்கிறோம்.

ஆண்டவர் பட்டம் கொடுத்த விதம் வேறு. பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்து நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைத் தொழுகைக்கூடத்தில் தாமே அழைத்து நலமாக்கினார். எதிர்த்துப் பேசியவர்கள் முன்னிலையில் அவரை ஆபிரகாமின் மகள் என்று சொன்னார் (லூக் 13:10-17). அப்பட்டத்தைக் கேட்டவர் நிமிர்ந்து நின்றார்.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா?

சிரிக்கலாம். பாகால் பொய்வாக்கினரைக் கார்மேல் மலையில் எலியா கேலி செய்தார் (1 அர 18:27). கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவதாக ஆண்டவரே பரிசேயரைப் பற்றிச் சொன்னார் (மத் 23:24). நம் தமிழகத்தில் மறைப்பணி செய்த வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ இன்றும் சிறுவர்களைச் சிரிக்க வைக்கிறது. அதில் கேலிக்கு ஆளாகிறவர் யார்? குருவும் அவருடைய ஐந்து சீடர்களும். எழுதியவர் தாமும் ஒரு குரு! போலித்தனத்தையும் அதிகாரச் செருக்கையும் நோக்கிய சிரிப்பு நலம் தரும். நம்மையே பார்த்துச் சிரிப்பது இன்னும் நலம். சோர்ந்து உட்கார்ந்தவரைப் பார்த்தும், பதில் சொல்ல முடியாதவரைப் பார்த்தும் சிரிப்பதுதான் புண்ணாக்குகிறது.

பிதற்றல் என்று தள்ளிய செய்தி

சீட்டுகளில் ஒன்றைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: “நிதியமைச்சர்.” வாசித்ததும் நமக்கு விளங்கிவிட்டது. திருவிழா முடிந்து பங்குப் பேரவை கூடியபோது, விளக்கு அலங்காரச் செலவு சென்ற ஆண்டைவிட ஏன் இவ்வளவு கூடியது என்று ஒரு சகோதரி கேட்டார். “நிதியமைச்சர் கேக்குறாங்க, யாராவது பதில் சொல்லுங்கப்பா” என்றோம். அவை சிரித்தது. அவர் உட்கார்ந்தார். அதற்குப் பின் நடந்த கூட்டங்களில் அவர் வாய் திறக்கவில்லை. நாமும் அதைக் கவனிக்கவில்லை. அதே கேள்வியை ஓர் ஆண் கேட்டிருந்தால், “சரியான கேள்வி” என்றிருப்போம்.

அன்னா ஆலயத்தில் அழுது செபித்தபோது, அவர் குடித்திருக்கிறார் என்று கடிந்தவர் யார்? குரு ஏலி. அன்னா விளக்கம் சொன்னதும், அதே வாயால் அவருக்கு ஆசி கூறி அனுப்பினார் (1 சாமு 1:12-17). குருக்களாகிய நாம் ஏலியின் தவற்றில் விழுந்தால், அவருடைய திருத்தத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த பேரவையில் அந்தச் சகோதரியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். கணக்கை வரிவரியாக வாசித்தோம். செலவு கூடியதற்குக் காரணம் இருந்தது. அன்றே ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

நக்கலால் ஒரு குரலை அடக்கும்போது, அந்தக் குரல் கொண்டுவந்த செய்தியையும் இழந்துவிடுகிறோம். உயிர்ப்பின் காலையில் நடந்தது இதுதான். மகதலா மரியாவும் யோவன்னாவும் மற்றப் பெண்களும் கல்லறையிலிருந்து திரும்பி வந்து சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாக எண்ணி நம்ப மறுத்தார்கள் (லூக் 24:10-11). அங்கே லூக்கா எழுதும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. மனித குலத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி, பெண்கள் பேச்சு என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டது. பேதுரு எழுந்து கல்லறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார் (லூக் 24:12). திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் மகதலா மரியாவின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழாவின் நிலைக்கு உயர்த்தினார். திருத்தூதர்களின் திருத்தூதர் என்ற பழம்பெரும் பட்டத்தையும் நினைவூட்டினார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நக்கலாக ஒன்றைச் சொல்ல வாய் வரும்போது ஆணுக்குப் பதில் பெண்ணையும், பெண்ணுக்குப் பதில் ஆணையும் வைத்து மனத்துக்குள் சொல்லிப் பார்ப்போம். “வேட்டி கட்டிக்கிட்டு வீட்டுல இரு” என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் குத்துமா? குத்தாது என்றால், நம் கேலி அவர் செய்த தவற்றைப் பற்றியது அன்று என்று தெரிந்துகொள்வோம்.

இரண்டாவது, சொல்லிவிட்டோம் என்றால், “விளையாட்டுக்குத்தான்” என்பதை விட்டுவிட்டு, “மன்னிச்சிரு” என்று சொல்வோம். குடும்பத்துக்கு மூன்று சொற்கள் இன்றியமையாதவை என்று ‘அன்பின் மகிழ்வு’ என்ற 2016ஆம் ஆண்டுத் திருத்தூது அறிவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் கூறினார்: தயவுசெய்து, நன்றி, மன்னியுங்கள் (எண் 133).

மூன்றாவது, பிறர் நக்கல் செய்யும்போது கூடச் சிரிக்காதிருப்போம். எகத்தாளத்துக்குச் சோறு போடுவது கேட்பவர்களின் சிரிப்புதான். சிறப்பாகப் பிள்ளைகள் முன் இதில் கவனமாக இருப்போம். அழுகிற மகனிடம் “ஏன்டா பொம்பளைப் பிள்ளை மாதிரி” என்றால், பக்கத்தில் நிற்கும் மகளும் அதைக் கேட்கிறாள். ஒரே சொல்லில் இருவருக்கும் பாடம் நடத்திவிடுகிறோம்.

இன்று மாலை செபமாலை முடிந்து பாயைச் சுருட்டும்போது, வீட்டில் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால், ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்போம். அரசி என்று அன்னையை அழைத்த வாய்க்கு அது பொருத்தமான தொடர்ச்சி.

மன்றாடுவோம். ஏளனத்தின் முள்முடியை எங்களுக்காகச் சுமந்த ஆண்டவரே, எங்கள் நாவால் காயமுற்ற எங்கள் தாயாரை, மனைவியரை, சகோதரிகளை, பெண்மக்களை ஆற்றியருளும். அழவும் அஞ்சி நிற்கும் எங்கள் ஆண்மக்களுக்கு விடுதலை தாரும். உம்மைப் போற்றும் எங்கள் வாய், உம் சாயலைத் தாங்கிய யாரையும் தாழ்த்தாதிருக்க வரம் அருளும். ஆமென்.